மலையில இருந்துகிட்டே ஏஐ, ஐஓடி எல்லாம் கத்துக்க முடியுமான்னு கேட்ட தங்கச்சிக்கு

நீ கேட்டதை மத்தவங்களுக்காக சுருக்கமா சொல்லிடறேன். வீடு கோத்தகிரி தாண்டி ஒரு ஹட்டியில (படுகர் ஊர்), தினமும் பஸ்ல ஊட்டி வந்து பி.எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் முதல் வருஷம், வீட்டுக்குன்னு ஒரு ஏக்கர் சொச்சம் தேயிலை, கையில அண்ணன் ஸ்கூல் படிக்கும்போது வாங்கின கவர்மென்ட் லேப்டாப், மாசாமாசம் புதுமைப்பெண் 1000 ரூபா. ஏஐ, ட்ரோன், ஐஓடி (சென்சார் மாதிரி பொருளை நெட்டோட இணைக்கிறது), சைபர் செக்யூரிட்டி எதைப் பார்த்தாலும் ஆசையா இருக்கு, ராத்திரி பூரா வீடியோ பாக்குறேன், ஆனா ஒண்ணும் செஞ்ச மாதிரி தெரியல, மலையில இருந்துகிட்டே இதெல்லாம் முடியுமா இல்ல கோயம்புத்தூருக்கே போயிடணுமா அக்கா, இதுதான் கேள்வி.

நான் கேத்திப் பக்கம், இப்போ கீழ ஒரு கம்பெனியில சென்சார் போர்டு டிசைன் பண்றேன், அதனால எனக்குத் தெரிஞ்ச பக்கத்துல இருந்துதான் சொல்வேன், வெப் டெவலப்மென்ட் பத்தி எல்லாம் வேற யாராவது சொல்லட்டும்.

முடியும். ஆனா நீ போட்டிருக்கிற நாலு விஷயத்தையும் தனித்தனி கோர்ஸா எடுத்து ஒண்ணொண்ணா முடிச்சுட்டு வரலாம்னு நினைச்சா முடியாது, யாராலயும் முடியாது, ஒண்ணு முடிக்கிறதுக்குள்ள இன்னொண்ணு புதுசா வந்துரும். எங்க மலையில இந்துநகர்னு ஒரு இடம் இருக்குல்ல, அந்தப் பேரே இந்து ஃபிலிம்ல இருந்து வந்ததுதான், 1960ல ஆரம்பிச்ச ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஃபேக்டரியோட பிராண்ட் அது, நாட்டுக்கே எக்ஸ்ரே ஃபிலிமும் பிளாக் அண்ட் வொயிட் ஃபிலிமும் பண்ணிக்கொடுத்தாங்க, டிஜிட்டல் வந்துச்சு, இன்னைக்கு ஃபேக்டரி இல்ல. அதனால எந்த டெக்னாலஜி நிலைக்கும்னு கேட்டு அதுல ஏறி உட்காரணும்னு பாக்காத. உங்க வீட்டுத் தோட்டத்துல ஒரு பிரச்சனைய எடு, அதை அடி வரைக்கும் போய்ப் பாரு, நீ ஆசைப்படுற ஐஓடி, ஏஐ, செக்யூரிட்டி எல்லாம் அதுக்குத் தேவைப்படுற நேரத்துல தானா வரும். உனக்கு நான் எடுத்துக் கொடுக்கிறது பனி. டிசம்பர், ஜனவரியில தேயிலையைக் கருக்கிட்டுப் போற உறைபனி.

ஏன் பனின்னு சொல்றேன். பேப்பர்ல ஊட்டியில 2 டிகிரின்னு போடுவான், அதே காலையில தலைகுந்தாவுல புல்லு வெள்ளையா உறைஞ்சு கிடக்கும், டூரிஸ்ட் எல்லாம் ஜீப்பு மேல இருக்கிற ஐஸைச் சுரண்டி போட்டோ எடுத்துட்டு இருப்பான். 2 டிகிரியில தண்ணி எப்படி உறையும்? வானிலைக்காரங்க டெம்பரேச்சர் எடுக்கிறது தரையில இருந்து ஒரு ஆள் மார்பு உயரத்துல, நிழல் பெட்டிக்குள்ள. மேகம் இல்லாத, காத்து இல்லாத ராத்திரியில தரையும் இலையும் தன்னோட சூட்டை நேரா வானத்துக்கு விட்டுரும், அதனால இலை ஒட்டின இடம் மேல இருக்கிற காத்தை விட சில டிகிரி கீழ போயிரும். குளிர்ந்த காத்து கனம் அதிகம், அது சரிவுல மெதுவா இறங்கி பள்ளத்துல போய்த் தேங்கும். அதான் ஒரே தோட்டத்துல மேல் வரிசை பச்சையா இருக்கும், கீழ ஓடை பக்கத்து வரிசை மட்டும் கருகிப் போயிருக்கும், உங்க அப்பாவுக்கு இது நல்லாவே தெரியும், எந்த வரிசைன்னு கை காட்டுவார். எந்த ஆப்பும் உங்க தோட்டத்து அந்த வரிசையோட டெம்பரேச்சரைச் சொல்லாது. இதுதான் உன் ப்ராஜெக்ட், வேற எவன்கிட்டயும் இந்த டேட்டா இல்ல.

சாமானுக்கு வரேன். காலேஜ்ல ஐஓடி வொர்க்‌ஷாப்னு ஒரு கிட் கொடுப்பாங்க, அதுல கண்டிப்பா நீலக் கலர்ல ஒரு டிஎச்டி11 சென்சார் இருக்கும். அதை எடுத்து வீட்ல வை, தோட்டத்துல வைக்காத, ஏன்னா அது அளக்கிறது 0 டிகிரியில இருந்து 50 வரைக்கும்தான், நமக்கு வேணும்கிறதே பூஜ்யத்துக்குக் கீழ. இதைச் சொல்லாமலே நூறு வீடியோ ஓடுது, எல்லாம் சென்னையிலயும் பெங்களூர்லயும் உட்கார்ந்து எடுத்தது, அவங்களுக்கு அது பிரச்சனையே இல்ல. நீ வாங்க வேண்டியது டிஎஸ்18பி20, வாட்டர்ப்ரூஃப் குழாய்க்குள்ள போட்டு ஒரு மீட்டர் வயரோட வரும், நூறு நூத்தி ஐம்பது ரூபா, மைனஸ் 10ல இருந்து 85 வரைக்கும் அரை டிகிரி வித்தியாசத்துக்குள்ள காட்டும். கூட சென்சாரைப் படிச்சு அனுப்புற குட்டிக் கம்ப்யூட்டர் மாதிரி ஒரு இஎஸ்பி32 போர்டு, ஐநூறு ரூபா சுமார், வைஃபை ப்ளூடூத் உள்ளயே இருக்கு. ஒரு 4.7 கிலோஓம் ரெசிஸ்டர், டேட்டா வயருக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவுல, இது இல்லாம சென்சார் பேசாது. ஒரு மாசத்து புதுமைப்பெண் பணத்துக்குள்ள முதல் செட் முடிஞ்சுரும், மீதியில பஸ் ஸ்டாண்ட்ல டீயும் வர்க்கியும்.

லேப்டாப் பழசுன்னு கவலைப்பட்டிருக்க. 4 ஜிபி ரேம்னா விண்டோஸை எடுத்துட்டு லுபுண்டு இல்லைன்னா மின்ட் எக்ஸ்எஃப்சிஇ மாதிரி லேசான லினக்ஸ் போடு, காசு கிடைக்கும்போது ஹார்டு டிஸ்க்கை எடுத்துட்டு ஒரு எஸ்எஸ்டி மாத்து, அது ஒண்ணே மெஷினை வேற மெஷினா ஆக்கிரும். போர்டுக்கு ப்ரோக்ராம் எழுதுற புது ஆர்டுயினோ ஐடிஇ இந்த ரேம்ல முக்கும், அதுக்குப் பதிலா இஎஸ்பி32ல மைக்ரோபைத்தான், அதாவது சின்ன போர்டுக்கான பைத்தான், ஏத்திட்டு தானி எடிட்டர்ல எழுது, லேசா ஓடும், பைத்தானும் சேர்ந்து வரும், அது பின்னாடி ஏஐ பக்கம் போகும்போது உதவும். இதுக்காக புது லேப்டாப் வேணும்னு வீட்ல கேக்காத, பசுந்தேயிலை விக்கிற விலைக்கு அப்பாகிட்ட இ.எம்.ஐ பத்திப் பேசறது நியாயமே இல்ல.

இப்போ ஒரு விஷயம், இது சின்னதுதான் ஆனா இதுலதான் படிக்கிறதுக்கும் பாக்குறதுக்கும் வித்தியாசம் தெரியும். நீ ஏஐ சாட்பாட்கிட்ட கேட்டா ஒரு நிமிஷத்துல ப்ரோக்ராம் கோடு கொடுத்துரும், ஓட்டுவ, கோத்தகிரி டிசம்பர் ராத்திரியில 85 டிகிரின்னு காட்டும். சென்சார் போச்சுன்னு நினைப்ப. போகல. டிஎஸ்18பி20க்கு கரண்ட் கொடுத்ததும் அதோட மெமரியில இருக்கிற ஆரம்ப மதிப்பே 85தான், நீ அளக்கச் சொன்ன பிறகு அது முழு துல்லியத்துல அளந்து முடிக்க முக்கால் செகண்ட், அதாவது 750 மில்லிசெகண்ட் எடுக்கும், கோடு அந்த நேரம் காத்திருக்காம படிச்சா பழைய 85தான் வரும். அதே மாதிரி ஆர்டுயினோ லைப்ரரியில மைனஸ் 127னு வந்தா வயர் எங்கேயோ விட்டுப்போச்சுன்னு அர்த்தம், உலகம் உறைஞ்சு போகல. இதெல்லாம் சென்சார் கம்பெனி கொடுக்கிற டேட்டாஷீட்டுலயும் லைப்ரரி குறிப்புலயும் இருக்கு. சாட்பாட்டை யூஸ் பண்ணு, நானும் தினமும் பண்றேன், ஆனா அது கொடுத்த ஒவ்வொரு வரியும் ஏன் இருக்குன்னு அதையே திருப்பிக் கேளு, பதிலை டேட்டாஷீட்டோட ஒப்பிட்டுப் பாரு. பஸ்ல கட்டபெட்டு தாண்டினா எப்படியும் சிக்னல் வந்து வந்து போகும், ரீல்ஸ் ஓடாது, அந்த நேரத்துக்கு டேட்டாஷீட் பி.டி.எஃப்பை போன்ல இறக்கி வச்சுக்கோ. வளைவுல தலை சுத்துற ஆளா இருந்தா வேணாம், ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தூங்கு.

அடுத்து பேட்டரி. தோட்டத்துல ப்ளக் பாயின்ட் இருக்காது. 18650னு சொல்ற லித்தியம் செல் ஒண்ணு, 2500 மில்லிஆம்ப்-அவர்னு வச்சுக்கோ. இஎஸ்பி32 சிப் டீப் ஸ்லீப்ல போனா வெறும் 10 மைக்ரோஆம்ப் மாதிரிதான் குடிக்கும்னு எல்லாரும் சொல்வாங்க, அது சிப்புக்கு. நீ வாங்குற போர்டுல யூஎஸ்பி சிப்பு, எப்பவும் எரியுற ஒரு சிவப்பு எல்இடி, மலிவான ரெகுலேட்டர் எல்லாம் உட்கார்ந்திருக்கு, அதெல்லாம் தூங்காது, சேர்ந்து 10 மில்லிஆம்ப் வரைக்கும் போகும். 2500ஐ 10ஆல வகு, 250 மணி நேரம், பத்து நாள்ல பேட்டரி காலி. அதே, இந்தக் கூடுதல் சாமான் இல்லாத வெறும் மாட்யூலை நல்ல ரெகுலேட்டரோட யூஸ் பண்ணி, கால் மணிக்கு ஒரு தடவை முழிச்சு பத்து செகண்ட் வைஃபையில அனுப்பிட்டு திரும்பத் தூங்க வச்சா, முழிச்சிருக்கும்போது சராசரி 100 மில்லிஆம்ப்னாலும் ஒரு நாளைக்கு 27 மில்லிஆம்ப்-அவர் கிட்டதான் வரும், மூணு மாசம் ஓடும், ஒரு பனி சீசனே ஓடிரும். குளிர்ல செல்லோட கொள்ளளவு குறையும், அதனால ரெண்டு மாசம்னு எதிர்பார்த்துக்கோ. சோலார் பேனல் மாட்டணும்னு ஆசை வரும், ஒரே ஒரு எச்சரிக்கை, லித்தியம் செல்லை 0 டிகிரிக்குக் கீழ சார்ஜ் பண்ணக்கூடாது, உள்ள லித்தியம் உலோகமா படிஞ்சு செல் கெட்டுப்போகும், ஆபத்தும் கூட. ஆன்லைன்ல இருபது முப்பது ரூபாய்க்கு வர்ற டிபி4056 சார்ஜர் மாட்யூல் இதைப் பாக்கிறதில்ல. பனி விழுந்த காலையில சூரியன் வந்ததும் பேனல் சார்ஜ் ஏத்த ஆரம்பிக்கும், பெட்டிக்குள்ள செல் இன்னும் உறைஞ்சு கிடக்கும். முதல் வருஷம் சோலார் வேணாம், செல்லைக் கழட்டி வீட்ல சார்ஜ் போட்டு மாத்து.

பெட்டி. இதுல கீழ்நாட்டு வீடியோ எதுவும் உதவாது. நம்ம ஊர்ல மழையை விட மோசம் மிஸ்டு, அதாவது மூடுபனி, மழை மேல இருந்து விழும், மிஸ்டு எல்லாப் பக்கத்துல இருந்தும் உள்ள போகும், ராத்திரி குளிர்ந்ததும் பெட்டிக்குள்ளயே வேர்த்து சர்க்யூட் மேல சொட்டும். வயர் நுழையுற ஓட்டை எப்பவும் பெட்டிக்கு அடியில இருக்கணும், வயரை நுழைக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் தொங்கவிட்டு வளைச்சு மேல ஏத்து, தண்ணி வளைவுலயே சொட்டிரும். உள்ள செருப்பு டப்பாவுல வர்ற சிலிக்கா ஜெல் பாக்கெட் நாலு போடு. போர்டு மேல, கனெக்டரை விட்டுட்டு, ட்ரான்ஸ்பரன்ட் நெயில் பாலிஷ் ஒரு கோட் அடிச்சா போதும், கடையில கிடைக்கிற கோட்டிங் ஸ்ப்ரேக்கு அது நல்ல மாற்று. சென்சார் குழாயை தேயிலைச் செடியோட மேல் மட்டத்துல, கொழுந்து வர்ற உயரத்துல வை, நேரா வானத்தைப் பாக்குற மாதிரி. இன்னொண்ணு வாங்கி அதே கம்பத்துல மார்பு உயரத்துல வை, ரெண்டும் ஒரே டேட்டா வயர்ல ஓடும், இந்த சென்சாரோட அழகே அதுதான், ஒவ்வொண்ணுக்கும் தனி நம்பர் உள்ளயே எழுதியிருக்கு. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் ராத்திரி எப்படி விரியுதுன்னு பாத்தேன்னா அன்னைக்கு உனக்கு தூக்கம் வராது.

காட்டுமாடு கம்பத்துல வந்து உடம்பைத் தேய்க்கும், கம்பம் சாய்ஞ்சுரும், அதுக்கு வழி ஒண்ணும் கிடையாது, கம்பத்துக்குப் பதிலா சில்வர் ஓக் மரத்துல கட்டு. காலையில போய்ப் பாக்கும்போது கரடி இருக்கான்னு பாத்துட்டுப் போ, தனியா போகாத. வயரை எலியும் குரங்கும் கடிக்கும், பழைய பைப்புக்குள்ள விட்டு எடு. உங்க பட்டா நிலத்துக்கு வெளியே, ஃபாரஸ்ட் எல்லைக்குள்ள எதையும் வைக்காத.

டேட்டா வீட்டுக்கு எப்படி வரும்? தோட்டம் வீட்டை ஒட்டி இருந்தா வைஃபையே போதும். இருநூறு மீட்டர் சுமார் தள்ளி, நடுவுல மறைப்பு இல்லைன்னா ஈஎஸ்பி-நவ்னு ஒண்ணு இருக்கு, ரவுட்டரே வேணாம், ரெண்டு போர்டு நேரடியா பேசிக்கும். அதையும் தாண்டினா ரொம்ப தூரம் போற ரேடியோ லோரா, இந்தியாவுல 865ல இருந்து 868 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் லைசென்ஸ் இல்லாம யூஸ் பண்ணலாம், அந்த அலைவரிசைக்கு வர்ற மாடல்தானான்னு பாத்து வாங்கு, 433க்கு வர்றதைத் தலையில கட்டிருவாங்க. லோரா பத்து கிலோமீட்டர் போகும்னு விளம்பரம் பண்றது நேர்ப்பார்வை இருந்தா மட்டும். மிஸ்டு அதுக்கு ஒரு பொருட்டே இல்ல, ஆனா நடுவுல ஒரு மேடு இருந்தா அரை கிலோமீட்டர் கூட கஷ்டம். அதே மேட்டு உச்சியில ஒரு ரிசீவரை வச்சா ரெண்டு பக்கப் பள்ளமும் தெரியும், அந்த வசதி சமவெளிக்காரனுக்குக் கிடையாது. அப்புறம் நம்ம பக்கம் காத்தடிச்சா மரம் விழும், மரம் விழுந்தா கரண்ட் போகும், ரவுட்டர் செத்துரும், அதனால போர்டு அளந்ததை முதல்ல தன் மெமரியில எழுதி வச்சுக்கணும், நெட் வந்ததும் மொத்தமா அனுப்பணும். நேரம் தப்பாம இருக்க டிஎஸ்3231 கிளாக் மாட்யூல் ஒண்ணு சேர்த்துக்கோ. இந்த ஒரு பத்தியில நீ நெட்வொர்க்கிங் பேப்பர்ல படிக்கப் போறதுல பாதி இருக்கு.

மலைங்கிறது டெக்னாலஜிக்கு இடைஞ்சல்னு நீ எழுதியிருந்த தொனி எனக்கு கொஞ்சம் உறுத்துச்சு. ஊட்டி பக்கத்துல முத்தோரை ரேடியோ டெலஸ்கோப்பைப் பத்திக் கேள்விப்பட்டிருப்ப. 1970ல கோவிந்த் ஸ்வரூப் தலைமையில நம்ம நாட்டு ஆளுங்களே கட்டினது, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 326.5 மெகாஹெர்ட்ஸ்ல கேக்குது, உள்ள வரிசையா 1056 டைபோல் ஆன்டெனா. அதை ஏன் ஊட்டியில கட்டினாங்க? வடக்கு தெற்கா சுமார் 11 டிகிரி சரிஞ்ச ஒரு மலைப்பக்கம் தேவைப்பட்டுச்சு, ஏன்னா இந்த இடத்தோட அட்சரேகையும் கிட்டத்தட்ட 11 டிகிரி, சரிவும் அட்சரேகையும் ஒண்ணா இருந்தா டெலஸ்கோப்போட நீள அச்சு பூமி சுத்துற அச்சுக்கு இணையா உட்கார்ந்துரும். அப்புறம் ஒரு நட்சத்திரத்தையோ கேலக்ஸியையோ ஒன்பதரை மணி நேரம் தொடர்ந்து பாக்கணும்னா அந்த ஒரே அச்சுல மெதுவா திருப்பினா போதும். அவ்வளவு பெரிய இரும்பை ரெண்டு பக்கமா திருப்புற மோட்டார் செலவும் தலைவலியும் மிச்சம். இதே ஊட்டியில காஸ்மிக் ரே லேப்ல கிரேப்ஸ்-3ன்னு ஒரு டிடெக்டர் கூட்டம் இருக்கு, 2014 டிசம்பர் 1ஆம் தேதி மேல போன ஒரு இடிமேகத்துக்குள்ள 130 கோடி வோல்ட் இருந்துச்சுன்னு வானத்துல இருந்து வர்ற மியூவான்ங்கிற துகளோட எண்ணிக்கை குறைஞ்சதை வச்சே கண்டுபிடிச்சாங்க, 2019ல வெளியிட்டாங்க. உங்க டிபார்ட்மென்ட் மூலமா லெட்டர் போட்டு அனுமதி வாங்கி ஒரு நாள் கிளாஸோட போய்ப் பாருங்க. ஸ்டடி டூர்னு பெங்களூரு மாலுக்குப் போறதை விட இது எவ்வளவோ மேல்.

சரி, ஏஐ எங்க வருது. சென்சார் ஓட ஆரம்பிச்சதும் உனக்கு முதல்ல தோணுறது, 2 டிகிரிக்கு வந்ததும் போனுக்கு அலாரம் அடிக்கணும்னு. அதை எழுதுறதுக்கு முன்னாடி அப்பாகிட்ட போய் ஒரு கேள்வி கேளு: ராத்திரி மூணு மணிக்கு பனி விழப்போகுதுன்னு சொன்னா நீங்க என்ன செய்வீங்க? ஸ்பிரிங்க்ளர் வச்சிருக்கிறவங்க எழுந்து போட்டு விடுவாங்க, தண்ணி உறையும்போது வெளிவிடுற சூடு இலையைக் காப்பாத்தும், ஆனா ஆரம்பிச்சா ஐஸ் உருகுற வரைக்கும் நிறுத்தக்கூடாது. ஸ்பிரிங்க்ளர் இல்லாதவங்க தாகைச் செடியை வெட்டிட்டு வந்து செடி மேல போட்டு மூடுவாங்க, அந்த வேலைய மூணு மணிக்கு, காட்டுமாடு நடமாடுற நேரத்துல யாரும் செய்ய மாட்டாங்க. அப்போ உங்க வீட்டுக்கு வேண்டியது மூணு மணி அலாரம் இல்ல, முந்தின நாள் சாயங்காலம் நாலு, அஞ்சு மணிக்கே இன்னைக்கு ராத்திரி விழுமான்னு ஒரு பதில். அது கணிப்பு. மெஷின் லேர்னிங் இங்கதான் உன் வீட்டுக்குள்ள வருது.

சாயங்கால டெம்பரேச்சர், காத்துல ஈரம், மேகம் இருக்கா இல்லையா, காத்து வீசுதா, இந்த நாலு போதும் ஆரம்பிக்க. ஈரம் ஏன்னா, காத்துல ஈரம் இருந்தா ஒரு அளவுக்குக் கீழ போகும்போது பனித்துளியா படியும், படியும்போது சூடு வெளியாகி குளிர்ச்சியை மெதுவாக்கும், காத்து வறண்டு போன ராத்திரிதான் ஆபத்து. ஈரத்துக்கு டிஎச்டி22 வாங்கு, அது மைனஸ் 40 வரைக்கும் தாங்கும். மேகத்தை நீயே வாசல்ல நின்னு பாத்து எழுது, காத்தையும் அப்படித்தான். ஒரு சீசன் முடிஞ்சா உன்கிட்ட 90 ராத்திரி டேட்டா இருக்கும். இதுக்கு நியூரல் நெட்வொர்க் எல்லாம் போடாத, சைக்கிட்-லேர்ன்ங்கிற பைத்தான் லைப்ரரியில, விழுமா விழாதான்னு கணிக்கிற லாஜிஸ்டிக் ரெக்ரஷன் போதும், உன் பழைய லேப்டாப்பிலேயே கண் இமைக்கிறதுக்குள்ள ஓடிரும்.

இங்க ஒரு பொறி இருக்கு, இன்டர்வியூல கூட கேப்பாங்க. 90 ராத்திரியில 9 ராத்திரிதான் பனி விழுந்துச்சுன்னு வையி. தினமும் கண்ணை மூடிட்டு விழாது விழாதுன்னு சொல்ற ப்ரோக்ராம் கூட 90 சதவீதம் சரி. அக்யூரசி 90 பர்சென்ட்னு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல போட்டு மார்க் வாங்குறவங்க நிறைய பேர் இருக்காங்க, ஆனா விழுந்த அந்த ஒன்பது ராத்திரியும் கோட்டை விட்ட மாடல் உங்க அப்பாவுக்கு எதுக்கு? நீ எண்ண வேண்டியது வேற: விழுந்த ஒன்பதுல எத்தனையை முன்னாடியே சொன்ன, விழும்னு சொல்லி விழாம போனது எத்தனை. ரெண்டாவது வகைத் தப்புக்கு ஒரு சாயங்கால வேலை வீண், முதல் வகைத் தப்புக்கு அந்தக் கீழ் வரிசைக் கொழுந்து போச்சு, எதுக்கு எவ்வளவு பயப்படணும்னு அப்பாதான் சொல்லணும், கம்ப்யூட்டர் சொல்லாது. இதைப் புரிஞ்சுகிட்டு ஒரு மாடல் பண்ணின ஃபர்ஸ்ட் இயர் பொண்ணை நான் பத்து சர்டிஃபிகேட் வச்சிருக்கிற ஃபைனல் இயர் பையனுக்கு முன்னாடி எடுப்பேன்.

படம் பாத்து கண்டுபிடிக்கிற ஏஐதான் வேணும்னா அதுக்கும் மலையிலயே டேட்டா இருக்கு, நம்ம மலை இல்ல, கொடைக்கானல். அங்க 1899ல அமைச்ச சோலார் அப்சர்வேட்டரியில நூறு வருஷத்துக்கு மேல எடுத்த சூரியன் படங்களை டிஜிட்டலாக்கி வச்சிருக்காங்க, 1909ல எவர்ஷெட் சூரியப் புள்ளியில வாயு வெளிப்பக்கமா ஓடுறதைக் கண்டுபிடிச்சது அங்கதான். சூரியப் புள்ளிகளை எண்ணுற ஒரு ப்ரோக்ராம் எழுது, கூகுள் கோலாப்ல இலவசமா கிடைக்கிற ஜிபியூ அதுக்குத் தாராளம். எல்லாரும் பண்ற பூனையா நாயா ப்ராஜெக்டை விட இதைப் பத்திதான் உன்னை நிறுத்திக் கேள்வி கேப்பாங்க.

ட்ரோன் வேணாம். ஆசையைக் கெடுக்கிறேன்னு நினைக்காத, நம்ம பக்கம் ஒரு பக்கம் வெலிங்டன் கண்டோன்மென்ட், ஒரு பக்கம் அருவங்காடு கார்டைட் ஃபேக்டரி, மிச்சத்துல பெரும்பாலும் ரிசர்வ் ஃபாரஸ்ட், எங்க பறக்கவிட்டாலும் யாராவது வந்து கேப்பாங்க, பறக்கவிடுறதுக்கு முன்னாடி டிஜிட்டல் ஸ்கைங்கிற அரசாங்க ட்ரோன் மேப்ல அந்த இடம் என்ன கலர்னு பாக்கணும். சமவெளியில வேலை கிடைச்ச பிறகு பாத்துக்கலாம். சைபர் செக்யூரிட்டிக்கு இப்போதைக்கு உன் சொந்த சென்சாரே போதும்: பாஸ்வேர்டு இல்லாத பப்ளிக் எம்க்யூடிடி சர்வர்ல (சென்சார் டேட்டாவை வாங்கிக் கொடுக்கிற சர்வர்) டேட்டாவைப் போட்டா யார் வேணா படிக்கலாம், யார் வேணா பொய் டெம்பரேச்சர் அனுப்பலாம், அதை நீயே செஞ்சு பாரு, அப்புறம் அடைச்சுப் பாரு.

கோயம்புத்தூர் பத்தி. சாமான் ஆன்லைன்லயே வருது, அதுக்காகப் போக வேண்டாம். கோர்ஸுக்கும் வேண்டாம், என்பிடெல்ல ஐஐடி வாத்தியார்ங்க பாடம் சும்மா கிடைக்குது, பரீட்சைக்கு மட்டும்தான் பணம். மாசம் பத்தாயிரம் ஹாஸ்டலுக்குக் கொடுத்து அங்க போய் உட்கார்ந்து அதே வீடியோவைப் பாக்கப் போற. ஃபைனல் இயர்ல இன்டர்ன்ஷிப்புக்கு வா, அப்போ கையில காட்ட ஒரு சீசன் டேட்டா இருந்தா எங்க கம்பெனி மாதிரி எடத்துல கதவு திறக்கும், அந்த நேரம் சொல்லு.

காலம் முக்கியம். செமஸ்டர் எக்ஸாமும் ரெக்கார்டு நோட்டும் நவம்பர்ல கழுத்தைப் பிடிக்கும், வடகிழக்குப் பருவமழையும் கோத்தகிரி பக்கம் அப்பதான் வெளுத்து வாங்கும், 2009 நவம்பர்ல மண்சரிவுல நாப்பது பேருக்கு மேல போனது வீட்ல சொல்லியிருப்பாங்க, அந்த மாசம் சரிவுல ஏறி எதுவும் மாட்டாத. செப்டம்பர் கடைசிக்குள்ள பெட்டி வெளியில இருக்கணும், அக்டோபர் மழைய அது வாங்கட்டும், எங்க தண்ணி போகுதுன்னு அதுவே காட்டும், எக்ஸாம் முடிஞ்சு திருத்து, டிசம்பர்ல பனிக்குத் தயார்.

மாட்டுறதுக்கு முன்னாடி சென்சாரைச் சரிபார்க்கணும். ஐஸை நல்லா இடிச்சு டம்ளர் நிறையப் போட்டு, இடுக்கு நிரம்புற அளவு தண்ணி ஊத்தி, சென்சாரை நடுவுல விட்டு அஞ்சு நிமிஷம் கலக்கிட்டே இரு, 0 வரணும், 0.4னு காட்டினா அந்த 0.4ஐ கோடுல கழிச்சுக்கோ. கொதிக்கிற தண்ணியில 100 வருதான்னு பாக்கச் சொல்லி எங்கயாவது படிச்சிருந்தா அதை விட்டுரு, நம்ம உயரத்துல காத்தழுத்தம் கம்மி, தண்ணி கோத்தகிரியில 94 பக்கத்திலேயே கொதிச்சுரும், ஊட்டியில இன்னும் ஒரு டிகிரி ஒண்ணரை டிகிரி கம்மி, நீ 100க்கு இழுத்து சரிபண்ணினா சென்சாரைக் கெடுத்து வச்ச மாதிரி. ஐஸ் தண்ணியில எவ்வளவு காட்டுச்சுன்னு எழுது, கூடவே அந்த மூணு மணி கேள்விக்கு அப்பா என்ன சொன்னார்னும் எழுது, அதை வச்சு ஸ்பிரிங்க்ளருக்கான கோடா, சாயங்காலக் கணிப்பா, எதை முதல்ல எழுதறதுன்னு சொல்றேன்.